இரண்டு சுற்றுக் கட்டிய மண் பைகள்

என் நூரு, என் கண்ணே, என் வயிற்றெரிச்சலே,

கோபித்துக்கொள்ளாதே. இருபது வருஷமாக உன்னை மனசுக்குள் இப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். நீ அமெரிக்காவில் சதுப்பு நில மண்ணை ஆராய்ந்து பேர் வாங்கினாய். நான் இங்கே நம் காவிரிச் சேற்றிலேயே கிடந்தேன். நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. என் பொறாமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நன்னிலத்து வயல்காரர் போன வாரம் என்ன கேட்டார் தெரியுமா? "நூரு பொண்ணு எப்பம்மா வரும்?" என்றார். வருஷா வருஷம் அவர் வயலில் முழங்கால் சேற்றில் இறங்கி மண் எடுப்பவள் நான். என் பேர் இன்னும் அவர் வாயில் நுழையவில்லை! நீ இறந்துவிட்டாய் என்று சொன்னதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வயலில் நாம் சேர்ந்து கடைசியாக மண் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? தண்ணீர் நின்ற வயலின் அடிமண், நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாடை. காற்றுப் பட்டால் போச்சு. மண்ணிலுள்ள இரும்பு துருவேறிச் சிவந்துவிடும், சோதனைக்கு உதவாது. அதனால் பையைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றுவாய். நான் இரண்டோடு விட்டுவிடுவேன். "சோம்பேறிடி நீ" என்பாய்.

அன்று சாயங்காலம் நம் கல்லூரி விடுதிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன, ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து. அப்போது உங்கள் தெருவில் பாதி வீடு துபாய்க்கும், நம் வகுப்பில் பாதிப் பேர் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த நேரம். உன்னை வா என்றார்கள். என்னை வேண்டாம் என்றார்கள். நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். நான் சிரித்தேன். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய், உன் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, காற்றை உள்ளே விட்டுத் திரும்பக் கட்டினேன். நிதானமாகத்தான் செய்தேன், நூரு.

காலையில் மண் செங்காவியாகக் கிடந்தது. வயலிலோ அறுவடைக்காகத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பேராசிரியர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். "நான்தான் சார் சரியாக் கட்டல" என்றாய். அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருந்து மறுபடி மண் எடுத்தாய். உன் பயணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நீ எதையும் கவனிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பட்டுக்கோட்டையில் உன் வீட்டில் உனக்காக நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். உன் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்கள்:

"பையை நீதான் அவுத்தேன்னு அவளுக்கு அப்பவே தெரியும்மா. ரெண்டு சுத்துதான் இருந்துச்சாம்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டேன்: "என் மேல கோவம் இல்லியாம்மா?"

"இருந்துச்சு. ஆனா அந்த வருஷந்தானே அவளைப் பெத்த அத்தா மவுத்தானாங்க. இவ ஊர்ல இருந்ததால, கடைசியா இவ கையால தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. 'ஸ்டெல்லா மட்டும் அதைச் செய்யலன்னா எனக்கு இது கெடைச்சிருக்காதும்மா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவா. நீ சாப்பிடு. நீதானே என் மூத்தவ."

ஏண்டி, இதிலுமா என்னை முந்துவாய்? நான் செய்த பாதகத்தையும் நல்லதாக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாயே! எத்தனை கடிதம் போட்டாய், ஒன்றிலாவது என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நீ கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா? தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் உனக்கு இரங்கல் கூட்டம். பேராசிரியர் வருகிறார். "நூர்ஜஹான் செய்த ஒரே தப்பு" என்று அந்தப் பைக் கதையை வழக்கம்போலச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். இத்தனை வருஷமும் அதைக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் மாணவிகள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்கு நான் தப்பே செய்யாத ஸ்டெல்லா மேடம். இருக்கட்டும். இந்த முறை எழுந்து நிற்பேன். அந்தத் தப்பு அவளுடையது இல்லை சார், என்னுடையது என்று சொல்வேன்.

அதையாவது எனக்கு விட்டுக்கொடு, நூரு.

உன் அம்மாவின் மூத்த மகள்,
ஸ்டெல்லா