நிற்கச் சொன்னவன் நான்தான்

அண்ணா,

நேற்று பெய்த மழையில் என் வீட்டுச் சுற்றுச்சுவரின் சுண்ணாம்பு கரைந்து, உங்கள் பெயர் மறுபடியும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தேர்தலுக்கு வெள்ளையடித்து அதன்மேல் வேறு யார் பெயரையோ எழுதிவிட்டுப் போனார்கள். அதற்கு அடியிலிருந்து உங்கள் பெயரின் பின்பாதி நீல நிறத்தில் எட்டிப் பார்க்கிறது. பால் வாங்கக் கிளம்பியவன் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயர் சுவருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு நாம் இருவரும் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலிகள். நீங்கள் வல்லத்திலிருந்தும் நான் பக்கத்துச் செஞ்சியிலிருந்தும் போனோம். மழைக்காலத்தில் நிலக்கரி போகிற பெல்ட்டில் களிமண் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் நம் வேலை. அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஏழுமலையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. உடலை ஏற்றிப்போக வண்டி வந்ததும் அதன் முன்னால் சேற்றில் போய் உட்கார்ந்தீர்கள்.

"இவன் சம்சாரத்துக்கு வேல குடுக்கறோம்னு சொல்லு சார். அப்பறமா எடுத்துகினு போ."

நீங்கள் கத்தவில்லை. மேஸ்திரி மிரட்டினார், போலீஸ் வந்தது. நீங்கள் அசையவில்லை. ஒவ்வொருவராக நாங்களும் உங்கள் பின்னால் உட்கார்ந்தோம். ஏழுமலையின் மனைவிக்கு வேலை கிடைத்தது. யாரும் ஓட்டுப் போடாமலே அன்றைக்கு நீங்கள் எங்கள் தலைவரானீர்கள்.

பிறகு வேலைநிறுத்தம், சஸ்பெண்டு, சிறை. எங்களில் பலர் நிரந்தரமானார்கள். நானும் ஆனேன். இன்று நான் சாப்பிடுவது அந்தச் சோறுதான். ஆனால் நம்மோடு பெல்ட் சுரண்டிய கோதண்டம் மாதிரி எத்தனையோ பேர் ஒப்பந்தத்திலேயே நின்றுபோனார்கள்.

செஞ்சித் தொகுதியில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வந்துபோன சாயங்காலம், கடைவீதி டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு மனமே இல்லை.

"கேட்டுக்கு வெளிய நின்னு பேசறவன் நானு. உள்ள போனா என் வாயில இன்னா வரும்னு எனக்கே தெரியாது."

"வெளியவே நின்னு கத்திகினு இருந்தா கோதண்டம் எப்பண்ணா பர்மனன்ட் ஆவறது? ஒருத்தன் உள்ள போயே ஆவணும். நில்லுங்க."

"நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். மறுநாள் சம்மதம் சொல்லியனுப்பினீர்கள். அன்று நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஜெயித்தீர்கள். கோட்டைக்குக் கீழே பட்டாசு வெடித்தோம். உங்களைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அடுத்த வருடமே ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது, அவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பச் சொல்லி உங்கள் கட்சியே உங்களை அனுப்பியது. மேலே இருந்தவர்கள் கொடுத்த வாக்கை நம்பி வந்தீர்கள். அதே சுரங்க கேட்டில், இந்த முறை காரிலிருந்து இறங்கி, "கொஞ்சம் பொறுங்கப்பா, எல்லாரையும் நிரந்தரமாக்கறோம்னு எங்கிட்ட சொல்லிருக்காங்க" என்றீர்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதால் போனார்கள்.

வாக்கு காற்றோடு போனது. வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்களை அடுத்த ஒப்பந்தத்தில் காண்ட்ராக்ட்காரர் வேலைக்குக் கூப்பிடவே இல்லை. கோதண்டமும் அவர்களில் ஒருவன். உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டான்.

"நீ சொன்னன்னுதானேண்ணா உள்ள போனோம்?"

நான் உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன்.

சட்டமன்றத்தில் எழுந்து, "நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டது" என்று சொன்னீர்கள். அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. சுயேச்சையாக நின்றீர்கள். சொந்த ஊரும் கைவிட்டது. அதைவிட, அதற்குப் பிறகு செஞ்சிக் கடைவீதியில் நான் பார்த்ததுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. வேலை போனவர்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு மண்டி மண்டியாக ஏறினீர்கள். "எனக்கில்ல முதலாளி, இவனுக்கு. நல்லா மூட்ட தூக்குவான்." சிலர் நாற்காலி போட்டார்கள். சிலர் நிற்கவைத்தே பேசினார்கள். எதிர்க்கடையில் இருந்த நான், நீங்கள் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியே ஒவ்வொருவருக்காக வேலை தேடிக் கொடுத்தீர்கள். கோதண்டம் மட்டும் உங்களோடு வர மறுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டேவிட்டேன். "நான்தானேண்ணா உங்கள நிக்கச் சொன்னேன்?"

"சொன்ன. நின்னது நானுடா." மூச்சு வாங்கியது. "அத வுடு. கோதண்டத்துக்கு ஒரு வேல பாரு."

உங்கள் கருமாதி முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தான், பேசவில்லை. மறுபடி மறுபடி போனேன். போன வாரம்தான் அவனாக வாயைத் திறந்தான்.

"சாவும்போது என்னிய பத்தி எதனா சொன்னாரா?"

"சொன்னாரு."

"மன்னிச்சுக்கச் சொன்னாரா?"

"இல்லடா. உனக்கு வேல பாக்கச் சொன்னாரு."

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "வா, போலாம். ஆனா ஒண்ணு. அவரு நல்லவருன்னு எங்கிட்ட பேசிகினு வராத. என் பொண்ணு படிப்பு நின்னுது அன்னிக்கு."

கல்மண்டபத்துக்கு எதிரே ஒரு மணிலா மண்டியில், கடலை மூட்டை தூக்கச் சேர்த்துவிட்டேன், அண்ணா. நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் உங்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் பேச முடியாமல், அவன் பக்கத்தில் நடந்து வந்தேன். அவன் கோபம் உங்கள் மேல் வரவேண்டியது அல்ல, உங்களை நிற்கச் சொன்ன என் மேல் வரவேண்டியது. அதை அவனிடம் என்றைக்காவது சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.