நானூற்று முப்பத்தொன்பது கோடி இடம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அத்தையின் முழங்காலையும் என் வாயையும் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் மணியடித்தால் அத்தைதான் எடுக்கிறாள். முழங்காலில் ஆரம்பித்து முழங்காலில் முடித்துவிட்டு என்னிடம் கொடுக்கும்போது உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. தவிர, சில விஷயங்கள் எனக்கு வாய்வரை வந்து நின்றுவிடும். அதனால் இதை எழுதி, நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க்கின் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். வியாழக்கிழமை உன் ஆபீஸ் நண்பர் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலை என்ன ஆயிற்று என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பிள்ளை பதறிக்கொண்டிருப்பாள் என்கிறாள் அத்தை. நான் வரிசையாகத்தான் சொல்வேன். முப்பத்தாறு வருஷம் தண்ணீர்த் தொட்டி கட்டினவன் நான். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மூடியிலிருந்து ஆரம்பிக்க எனக்கு வராது.

பழைய டிஸ்க்கைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். நம் பையன் நம்மை விட்டுப் போன பிறகு இந்த மூன்று வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை லேப்டாப்பில் மாட்டி ஒரே ஒரு வீடியோவைப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் கடைசியாகக் கட்டிய தொட்டிமேல் நிற்கிறேன். அவன் கீழேயிருந்து படம் எடுக்கிறான். "அப்பா, கேமராவைப் பாக்காதீங்க, வேலையைப் பாருங்க" என்கிறான். ஊரில் இருக்கிறவர்கள் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்தவன், தான் மட்டும் எதிலும் முகம் காட்டவில்லை. எங்களுக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது. வீடியோ திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

உன் நண்பர் புது டிஸ்க்கோடு வந்து சேர்ந்தார். ஒரு செங்கல்லில் பாதிகூட இல்லை. பழையதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, இனி இதை ஒரே ஒரு தடவைதான் நம்பி ஓட்டலாம், அந்த ஒரு தடவையில் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட வேண்டும், அதுவரை மாட்டவே வேண்டாம் என்றார். அதனால் புதியதில் ஓட்டை உடைசல் இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எப்படி என்றேன். எதையாவது எழுதி முழுக்க நிரப்பி, எழுதினதை ஓர் இடம் விடாமல் திரும்ப வாசித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் துடைத்துவிட்டு ஃபார்மட் செய்வது என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அம்மா. நான் ஆயுசு முழுக்கச் செய்ததும் அதுதானே. புதுத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, மூன்று நாள் காத்திருப்பேன். தண்ணீர் கோட்டைவிட்டு இறங்காமல் இருந்தால்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்த முதல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, திறந்து விட்டுவிடுவோம். இதைச் சொன்னதும் அவர், "எங்க ஆபீஸ்ல யாரும் இவ்ளோ தெளிவா சொன்னதில்ல சார்" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு சண்டை பிடித்தேன். பெட்டியில் பதினெட்டு டெராபைட் என்று போட்டிருக்கிறது, லேப்டாப்பில் பதினாறு புள்ளி மூன்று என்று காட்டுகிறது. எடை குறைச்சல், திருப்பிக் கொடுங்கள் என்றேன். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், லேப்டாப் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது, இடம் ஒன்றுதான் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை அத்தை என்னை முறைத்ததால் புரிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அத்தை உன்னைப் பற்றி அவரிடம் விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவரோ, "மழை வந்தா ஜன்னலை மூட விடமாட்டாங்கம்மா, ஃபைலெல்லாம் நனைஞ்சாலும் பரவாயில்லைம்பாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்து ஒயரைப் பார்க்க ஆரம்பித்தார். செருகியிருந்த ஒயரை எடுத்து மறுபடி செருகினார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

சோதனையைத் தொடங்கி வைத்துவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். எழுத ஒரு நாள், வாசிக்க ஒரு நாள், மேலே ஓரிரண்டு மணி நேரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் எத்தனை இடத்தை அது தொட்டுப் பார்க்கும் என்றும் என் நச்சரிப்புக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நானூற்று முப்பத்தொன்பது கோடிக்கு மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். அவர் போன பிறகு உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். நொடிக்கு ஒரு கட்டம் என்று, சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் நான் விரலால் தொட்டுக்கொண்டே போனால் முடிக்க நூற்று முப்பத்தொன்பது வருஷம் ஆகும். இரண்டு தடவை போட்டும் அதேதான் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு எதிரில் கால் நீட்டி உட்கார எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் போய்க் காது வைத்துக் கேட்டேன். அரிசி களைகிற மாதிரி மெல்லிய சத்தம். அத்தனை கோடி இடத்தில் ஒவ்வொன்றிடமும் போய், கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்கிறது. ஒவ்வொன்றும் வைத்திருக்கிறேன் என்கிறது. ஒன்றுகூட அலுத்துக்கொள்ளவில்லை. மனுஷன்தான் இதைச் செய்தான் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தையும் வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்தாள். குழந்தை தூங்குகிற அறைக்குள் வருவது போல வந்தாள்.

இனிமேல் சொல்வதற்கு என்னைத் திட்டாதே. நாற்பத்தாறு மணி நேரம் ஓடிவிட்டது. வாசிப்பில் பத்துப் பங்கில் எட்டுப் பங்கு முடிந்துவிட்டது, தவறு பூஜ்யம். அன்றைக்குப் பார்த்துக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. என்றைக்கோ அயர்ன் பாக்ஸை அணைக்காமல் போய் மெத்தை கருகியதிலிருந்து, வெளியே போனால் மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீட்டுச் சட்டம் என்று உனக்குத் தெரியும். ஃபிரிட்ஜில் பால் இருந்தாலும் சட்டம் சட்டம்தான். தெருமுனையில் நின்று, "மெயினை அணைச்சியா?" என்று நானேதான் கேட்டேன். அத்தை அந்த முழங்காலோடு திரும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் லேப்டாப் பாட்டரியில் விழித்துக்கொண்டிருக்கிறது. சுவர் பிளக்கில் ஓடுகிற டிஸ்க் செத்துக் கிடக்கிறது. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உன் நண்பருக்குப் போன் செய்து, புது டிஸ்க்கைக் கொன்றுவிட்டோம் தம்பி என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது சார். முதல்லேருந்து போட்டுக்கலாம், நான் லைன்லயே இருக்கேன்" என்றார். எட்டுப் பங்கு தேறிவிட்டதே, மிச்சத்தை விட்டுவிட்டுக் காப்பி செய்துவிடலாமே என்றாள் அத்தை. அவளுக்குப் பழையது எந்த நிமிஷமும் போய்விடுமோ என்ற பயம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டி ஒழுகுவது எப்போதும் நாம் பார்க்காமல் விட்ட மூலையில்தான். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மெயின் சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் நானே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவை முழுதாக முடிந்தது. எழுதிய கட்டமும் வாசித்த கட்டமும் சரி, தவறு பூஜ்யம். ஒரு பூஜ்யத்தைப் பார்த்து இப்படி மலைத்து நின்றது எனக்கு இதுதான் முதல் தடவை.

பிறகு போனில் அவர் சொல்லச் சொல்ல ஃபார்மட் செய்தோம். இரண்டு நாள் சோதனைக்குப் பிறகு இந்த வேலைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. நான் நம் பையன் பெயரை வைக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து, "இப்ப வேணாம், பொறுங்க" என்றாள். பெயர் இல்லாமலே விட்டோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழையதை மாட்டினோம். அது டிக் டிக் என்றது, நின்றது, மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்தது. ஒன்பது ஃபைல்கள் வரவில்லை. அம்மா, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற வீடியோ அந்த ஒன்பதில் ஒன்று. இதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியவில்லை. நானும் அத்தையும் நன்றாக அழுதோம்.

அழுது முடித்து, வந்ததையாவது பார்ப்போம் என்று நாங்கள் இதுவரை தொடாத ஒன்றைத் திறந்தோம். நீ சமையலறையில் நின்று அவனை ஏதோ சரமாரியாகத் திட்டிக்கொண்டிருக்கிறாய். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன், "போதும்டி வாயாடி, பாட்டரி தீருது" என்கிறான். நீ சிரிக்கிறாய். அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அவன் குரல் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தை இரண்டாவது தடவை பார்த்தது உன் சிரிப்பைத்தான். மூன்று வருஷமாக இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லையே என்றேன். "கேட்டேன், போன மாசம். போன்ல என்கிட்ட பேசிட்டிருக்கும்போது பக்கத்துல யாரோ என்னமோ சொன்னாங்க, இப்படியே சிரிச்சா" என்றாள். யாருடைய குரல் என்று உன் நண்பர் வந்து ஒயரைச் செருகிய அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு பெயர் வைத்தோம். நீ செருகினால் திரையில் வாயாடி என்று வரும். அது உன் டிஸ்க். அவனுக்கு அதற்குள் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று காட்ட நீலமாக ஒரு பட்டை வருகிறதே, அதைப் பார்த்தோம். அவன் பிடித்து வைத்ததெல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு. என் பிள்ளை இவ்வளவுதானா என்று முதலில் நினைத்தேன். பிறகு மீதி வெள்ளையைப் பார்த்தேன். எத்தனை இடம். ஒவ்வொன்றும் சோதித்துத் தேறிய இடம். சும்மா வைத்திருக்கவென்று நான் ஒரு தொட்டியும் கட்டினதில்லை அம்மா. எங்களை நினைத்து அதைக் காலியாக வைத்திருக்காதே.

வியாழக்கிழமை அவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த தடவை அவரைத் தனியாக அனுப்பாதே, நீயும் சேர்ந்து வா. நீ யாரோடு வந்தாலும் இது உன் வீடு. மெயின் சுவிட்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இரு. நிறைய இரு.

உன்
அப்பா, அம்மா