காட்டோரத்துப் பத்து மரம்

ஆடி 2

விடியற்காலை சாரல். கமிஷன் கடை திறக்கும்போது நின்றுவிட்டது. நடேசன் தம்பி காய் எண்ணும் கணக்கை முடித்துவிட்டார். காட்டோர மரங்களில் காய் உதிர்வது, ரோட்டோர மரங்களில் உதிர்வதில் பாதிகூட இல்லையாம்.

விவரத்தை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். புளியங்குடிக்கு மேற்கே நான் காய்க் குத்தகைக்கு எடுத்த எலுமிச்சைத் தோட்டம். மேற்கு ஓரம் மலையடிக் காடு. கிழக்கு ஓரம் முள்வேலி, தாண்டினால் ரோடு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த இந்தத் தம்பி, அங்கே பத்து மரம், இங்கே பத்து மரம் தகர நம்பர் கட்டி, தை மாதம் தொட்டு அடியில் விழுந்த காயை எண்ணுகிறார். மறுநாள் திரும்ப எண்ணிவிடாமலிருக்க, எண்ணிய காயில் நீல மைப்புள்ளி வைத்து அங்கேயே போட்டுவிடுவார். தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் வருவார்.

“காட்டுல தேனீ அதிகமுங்க. காத்தையும் மறிக்குது. அதான் காய் நிக்குது. எங்க புரொபசர் அடுத்த வாரம் வர்றாருங்க. இதைக் காட்டினா என் படிப்பு முடிஞ்ச மாதிரிதானுங்க.”

சொல்லும்போது முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

எனக்கும் லாபம். இன்னொரு தோட்டம், அய்யாத்துரையுடையது, முழுக்கக் காட்டோரம். மூன்று வருஷக் குத்தகை, ரோட்டோர ரேட்டுக்கு ஒன்றரைப் பங்கு கேட்கிறார். இதுவரை காது கொடுக்கவில்லை. இனி விடக்கூடாது, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்காரி: “ஆடியில யாராவது புதுசா எழுதுவாகளா?”
நான்: “ஆடிக் காத்துல நிக்கிற காயைப் பாத்துத்தான் குத்தகை பேசணும்.”

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஆடி 4

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தேரடிப் பக்கம் வண்டி திரும்ப முடியவில்லை. மாலைக்கு உருண்டைக் காய் கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள். நல்ல நேரம்.

இன்றைய பறிப்பில் நடேசனின் காட்டோரப் பத்து மரத்துக் காயைத் தனியாகவும், ரோட்டோரப் பத்தைத் தனியாகவும் கட்டச் சொல்லியிருந்தேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கண்ணால் பார்த்துவிட வேண்டாமா.

இரண்டும் சமம். நிறுத்தால் இரண்டு கிலோ முன்னே பின்னே.

பறிப்பு மேஸ்திரி சுடலை சொன்னான், “எப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி. என்னைக்கு அந்த மரம் கூடக் காச்சிருக்கு?”

கீழே பாதிதான் விழுகிறது என்றால் மேலே கூடுதலாக நிற்க வேண்டும். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மிச்சக் காய் எங்கே?

நடேசன் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மூட்டையைப் பார்ப்பதே இல்லை. பறித்த காய் என் பாடு, விழுந்த காய் அவர் பாடு.

பல் தேவலை.

ஆடி 5

சர்க்கார் முத்திரைக்குத் தராசு கொண்டுபோக வேண்டும். ட்ரங்க் கால் போட்டேன், மதுரை வியாபாரி கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு சர்பத் கடை. அறுக்க எடுத்த காயில் நீலப் புள்ளி!

“எங்கன வாங்குதீரு?”
“மலையடிப் பொம்பள ஒருத்தி, பேச்சியம்மான்னு. தெனம் விறகோட கொண்டாருவா.”
“இது என்ன புள்ளி?”
“கேட்டேன் அண்ணாச்சி. அந்த மரத்துக் காயே அப்படித்தாம்னா.”

சிரித்தேன். பஸ் ஏறியபின் சிரிப்பு போய்விட்டது. அடுத்த வாரம் புரொபசர்.

ஆடி 6

ஐந்தரை மணிக்குத் தோட்டம். நல்ல காற்று. பேச்சியம்மா காட்டு வழியாக வந்தாள். நாற்பது வயதிருக்கும். நம்பர் கட்டிய முதல் வரிசையிலேயே குனிந்து பொறுக்கினாள், புள்ளி வைத்தது, வைக்காதது எல்லாம். மூன்றாவது வரிசை வருவதற்குள் ஓலைப்பெட்டி நிறைந்துவிட்டது. ரோட்டோரம் அவள் எட்டிப்பார்ப்பதே இல்லை. அவள் போய் மூன்று மணி நேரம் கழித்து நடேசன் வந்து, புள்ளியில்லாமல் கிடப்பதை மட்டும் எண்ணுகிறார். ஆறு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. காடும் இல்லை, தேனீயும் இல்லை.

என்னைக் கண்டும் பெட்டியை இறக்கவில்லை.

“விழுந்த காய்தானே அண்ணாச்சி. மரத்துல கை வச்சேன்னு யாராவது சொல்லட்டும்.”
“நான் ஒண்ணும் சொல்லலையே.”
“பின்ன எதுக்கு விடியமுன்ன வந்து நிக்கிய?”

நடேசனைப் பார்த்ததில்லையா என்று கேட்டேன்.

“ஏன் பாக்காம? காட்டுல விறகு கட்டும்போது பாப்பேன். மரம் மரமா குனியுதாரு, எண்ணுதாரு, பொட்டு வைக்காரு, ஒத்தக் காய் எடுக்க மாட்டேங்காரு. ஏதோ வேண்டுதல் போலன்னு இருந்துட்டேன்.”

விழுந்த காய் பொறுக்கினவருக்கு என்பது ஊர் வழக்கம். இந்தப் பக்கம் யாரும் இதைக் கேட்டுச் செய்வதில்லை, அதனால் யாரும் நடேசனுக்குச் சொல்லவும் இல்லை. நானே பதினாறு வயதில் இப்படிப் பொறுக்கி, பஸ் ஸ்டாண்டில் கூறு கட்டி விற்றுத்தான் ஆரம்பித்தேன். எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். கமிஷன் கடை வந்தபின் குனிந்து பார்க்கிற பழக்கம் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு நடேசனிடம் சொன்னேன். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“யாருக்கும் தெரியாதுங்களே” என்றார் ஒரு தடவை. பிறகு அவரே, “எனக்குத் தெரியுமுங்களே.”

கடைசியில், “அந்தம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடுங்களேன். குத்தகை உங்களுதுதானுங்க.”

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். “அது மட்டும் நம்மால ஆகாது தம்பி” என்றேன். சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

ஆடி 8

நடேசனையும் வைத்துக்கொண்டு பேச்சியம்மாவிடம் பேசினேன். அந்தந்த மரத்துக் காயை அந்தந்த மரத்தடியில் குவித்துவிட்டு விறகுக்குப் போக வேண்டும். ஒன்பதரைக்குள் நடேசன் எண்ணி முடிப்பார். பிறகு எல்லாம் அவளுக்கு. ரோட்டோரக் காயும் சேர்த்து.

“ரோட்டோரமுமா?” உடனே பெரிய பெட்டி பின்னக் கொடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாள். போகும்போது நடேசனிடம், “அய்யா, மூணாம் மரத்துக் காய் எல்லாம் பூச்சி குத்தினது. அதை எழுதினீகளா?”

நடேசன் எழுதவில்லை. இன்று எழுதினார்.

ஆடி 11

வெயில். புரொபசர் வந்து போனார். தம்பி எதையும் மறைக்கவில்லை. பழைய எண்ணிக்கை அத்தனையும் தள்ளுபடி, அடுத்த ஆடி வரை முதலிலிருந்து. ஆராய்ச்சி உதவிப் பணம் தையோடு நின்றுவிடும். இனி தினமும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில் என்றேன். வீட்டுக்காரி, “ஒரு ஆளுக்கு சேத்து உலை வைக்கதுல என்ன” என்றாள்.

சாயங்காலம் அய்யாத்துரை கடைக்கே வந்துவிட்டார்.

“ஏம்வே, போன வாரம் காடு காடுன்னு குதிச்சீரு. இப்ப மூச்சக் காணோம்?”
“காட்டோரம் காய் நிக்குதா இல்லையான்னு இன்னும் தெரியல வே. எண்ணிக்கிட்டு இருக்கோம்.”
“யாரு எண்ணுதா?”
“பேச்சியம்மா.”

வாதாடினார், காபி குடித்தார், விலையில் இறங்கினார். முடிந்தது: ஒரு வருஷம் மட்டும், ரோட்டோர ரேட்டே, பாதி இப்போது, பாதி தை பிறந்து. விழுந்த காய் பொறுக்குகிறவருக்கு என்று சீட்டிலேயே எழுதச் சொன்னேன்.