ஆள் வருது

ஜூன் 4

அடியே கொம்பு,

நான் நலம். உன் நலம் தபால்காரர் சைக்கிளில் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது பார். எல்லாம் உங்க அப்பா புண்ணியம். பரீட்சை முடிகிறவரை உனக்குப் போன் கிடையாதாம். சரி, அவர் போனிலாவது கூப்பிடலாம் என்றால் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் குரலை மாற்றி ஒரே ஒரு போன்.

"சார், எங்க லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார், சீக்கிரம் வாங்க!"

"எந்த மாடி?"

"எல்லா மாடியிலயும் சார். ஆளோட உயரமே நாப்பத்தேழு மாடி."

இதற்குப் போய்க் கோபமா?

நேற்று தியேட்டரில் நம் ஆழியன் ஏழாம் படத்தை மறுபடியும் போட்டார்கள். வழக்கம்போல் பக்கத்து சீட்டில் பையை வைத்தேன். ஒரு குண்டு மனிதர் வந்து, "இங்க யாராவது?" என்றார். வாய் தானாக "ஆள் வருது" என்றது. நீ ஊரைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆன செய்தியை என் வாய்க்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. படம் முடியும்வரை என் பைதான் உன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தது. உன்னைவிட நல்ல ரசிகை. நடுவில் பேசவில்லை.

படம்தான் சரியில்லை. ஆழியன் கடலிலிருந்து எழுந்து ஒரு காலை ஊன்றுவதற்குள் விஞ்ஞானிகள் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். ராட்சத மிருகத்தைப் பார்க்க வந்தவளுக்கு மீட்டிங் எதற்கு? போதாததற்கு எல்லாப் படமும் இப்போது ஒரே உலகமாம். இந்தப் படத்து மிருகம் அந்தப் படத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகுமாம். கூட்டுக்குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போவதுதானே! ஆகவே இன்றுமுதல் ஆழியன் நமக்குப் பெரியப்பா. இரும்புத்தேள் சித்தப்பா. பனிப்பருந்து அத்தை, வருவாள், கத்துவாள், போய்விடுவாள். எட்டாம் படத்தில் எல்லோரும் கூடி அடித்துக்கொள்ளப் போகிறார்கள். சொத்துத் தகராறுதான், வேறென்ன.

இப்படிக்கு,
உன் வாலு

பி.கு.: நாலாம் படத்தில் பெரியப்பா செத்துப்போன தன் குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு தெருவிளக்கைக்கூட மிதிக்காமல் கடல்வரை நடப்பாரே, அங்கே நீ தேம்பித் தேம்பி அழுததை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

⁂

ஜூன் 19

வாலு டீ,

அழுதது நீ டீ! என் சட்டைக் கை முழுக்க உன் மூக்குச்சளி டீ! ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிப் போட்டால் உண்மையாகிவிடுமா?

கூட்டுக்குடும்பம் பிரமாதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் சாப்பாடு ரொம்ப அதிகம் போல. பின்னால் தெரியும் கட்டடங்களின் மாடியை எண்ணிப் பார்த்தேன். முதல் படத்தில் பெரியப்பா முப்பது மாடி. நாலாம் படத்தில் நாற்பத்தேழு. ஏழில் அறுபதுக்கு மேல். அவர் வளர வளர எனக்குப் பயம் குறைகிறது டீ. முப்பது மாடி உயரத்தில் இருந்தபோது அவர் குனிந்தால் நம் ஜன்னல் தெரியும். இப்போது அவருக்கு மேகம்தான் தெரியும். நம்மைப் பார்க்காத மிருகத்துக்கு எதற்குப் பயப்படணும்?

டிவியில் படத்தைப் போட்டு நான் எண்ணும்போது அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "கட்டடம் சாஞ்சா லிஃப்ட் ரோப் இப்படி நூல் மாதிரி அறாது" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் நம் படத்தில் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் டீ.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் லிஃப்ட் இல்லை, சிரி. படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன், மூச்சு அப்படி வாங்குகிறது. "படம் பாத்துக்கிட்டு உக்காந்தே இருந்தா அப்படித்தான்" என்கிறார் அப்பா. அம்மா டாக்டரிடம் போகலாம் என்கிறாள்.

ஒரு ஒப்பந்தம். எட்டாம் படம் அக்டோபர் முப்பது. முதல் நாள், மாலைக் காட்சி. நீ அங்கே, நான் இங்கே. பெயர்களெல்லாம் ஓடி, கடைசியில் ஒளித்துவைத்திருக்கும் குட்டிக் காட்சியும் வந்து, விளக்கு எரியும்வரை எழுந்திருக்கக் கூடாது. சரியா டீ?

கொம்பு

⁂

ஜூலை 2

அடியே கொம்பு,

ஒப்பந்தத்துக்குச் சம்மதம். மீறுபவள் தலையில் சித்தப்பா கொட்டட்டும்.

முதலில் டாக்டரிடம் போ. மூச்சை வாங்காதே, கடன் கேள். மருந்து கசந்தால் விஞ்ஞானிகள் மீட்டிங் நடத்தும் காட்சியை நினைத்துக்கொள், அதைவிடக் கசப்பு உலகத்தில் இல்லை.

நாலாம் படத்தில் அழுதது நீதான். ஒப்புக்கொள்ளும்வரை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன்.

வாலு

⁂

ஆகஸ்ட் 5

இருக்கியா செத்தியா? ஒரு வரியாவது போடு டீ.

வாலு

⁂

செப்டம்பர் 8

அன்புள்ள வாலுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருப்பதால் நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். டாக்டரிடம் போனோம். இப்போது மூச்சு வாங்குவதில்லை.

ஒப்பந்தம் நினைவிருக்கிறது.

நீ சொன்னதுபோல், நான்காம் படத்தில் அழுதது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

நன்றாகப் படிக்கவும். உன் வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
கொம்பு

⁂

செப்டம்பர் 16

அடியே கொம்பு,

என்ன டீ இது, உன் கடிதத்தில் ஒரு டீ கூட இல்லை? உங்கள் ஊரில் டீக்கடையெல்லாம் மூடிவிட்டார்களா? உங்க அப்பா எழுதுகிறார் என்று வெட்கப்பட்டு சர்க்கரை, பால், டீ மூன்றையும் நிறுத்திவிட்டாயா? அதோடு, ஒப்புக்கொண்டாயாமே! முட்டிச் சண்டை போடாத கொம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுத்தைப் பார்த்தால் "எட்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது" என்று லிஃப்டில் ஒட்டுகிற அட்டை மாதிரி இருக்கிறது.

ஒரு கேள்வி. ஏழாம் படத்தில் துறைமுகத்துக்கு அடியில் தூங்குமே அந்த மூன்று கண் ஆமை, அது பெரியப்பாவுக்கு என்ன உறவு? நான் ஓரகத்தி வீட்டுச் சம்பந்தி என்கிறேன். உன் கருத்து?

வாலு

⁂

செப்டம்பர் 27

அன்புள்ள வாலுவுக்கு,

ஆமை பற்றிக் கேட்டிருந்தாய். ஏழாம் படத்தை இரண்டு முறை பார்த்தேன். துறைமுகக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் ஆமை இல்லை. சந்தேகத்துக்கு மற்ற ஆறு படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். எதிலும் இல்லை. எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றால் எந்த நிமிடத்தில் வருகிறது என்று எழுதவும்.

இந்தப் படங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. நகரம் இடிகிறது. ஓடுகிறவர்களைக் காட்டுகிறார்கள், காரில் இருப்பவர்களைக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் லிஃப்டுக்குள் நிற்பவர்களை ஒரு படத்திலும் காட்டவில்லை. வெளியே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மாடி எண் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். நான் அவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
கொம்பு

⁂

அக்டோபர் 3

லிஃப்ட் அங்கிள்,

அப்படி ஓர் ஆமை கிடையாது. நான் சும்மா விட்ட கதை. கொம்பாக இருந்தால் "அதுக்கு நாலாவது கண் முதுகுல இருக்கு டீ" என்று அவள் பங்குக்கு ஒன்று விட்டிருப்பாள். ஏழு படத்தையும் உட்கார்ந்து தேடியிருக்க மாட்டாள்.

நாலாம் படத்தில் அழுதது அவளும் இல்லை. அதுவும் என் கதைதான். அது அவளுக்குத் தெரியும்.

அங்கிள், அவள் எங்கே?

வாலு

⁂

அக்டோபர் 11

அன்புள்ள வாலுவுக்கு,

உன் ஜூலைக் கடிதம் வந்தபோது அவள் இல்லை. அதற்கு நான்கு நாள் முன்பு. இதயத்தில் பிறவியிலேயே ஏதோ இருந்ததாம், டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். மாடி ஏறியபோது மூச்சு வாங்கியது அதனால்தான். நான் சொன்ன காரணத்தால் அல்ல.

அன்று நான் ஒரு கட்டடத்தின் பதினாறாம் மாடியில் ரோப் மாற்றிக்கொண்டிருந்தேன். என் போன் கீழே, சட்டைப் பையில், சட்டை ஆணியில். அவள் போன் என் அலமாரியில், பூட்டுக்குள். அவள் அம்மா பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அப்போது உன் கார்டு வந்தது. இருக்கியா செத்தியா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது சொல்லை என் கை எழுதவில்லை. முதல் சொல்லை எழுதிவிட்டேன். பிறகு நீ பதில் போட்டாய், அவளைத் திட்டினாய். இந்த வீட்டில் அவளை யாரும் திட்டுவதில்லை இப்போது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் அம்மாவுக்கு இது தெரியாது. அம்மா வேலைக்குப் போன நேரங்களில்தான் படங்களைப் பார்த்தேன்.

என்னிடம் இருப்பது நீ எழுதியவை. அவள் எழுதியது உன்னிடம் இருக்கிறது. பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மீதிப் பாதியை நான் பேசப் பார்த்தேன். டீ என்று எழுதவும் எனக்கு வரவில்லை. ஒப்பந்தம் நினைவிருக்கிறது என்று எழுதினேன். அது என்ன ஒப்பந்தம் என்று எனக்குத் தெரியாது. அவள் கடிதத்தை ஒருமுறை படிக்கக் கொடுப்பாயா? பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒன்று மட்டும் பொய் இல்லை. நான்காம் படத்தில் அழுதது நான்தான்.

நாற்பத்தேழு மாடி ஆள் லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்ததே, அன்று நான் சிரித்தேன். அவளிடம் சொல்லவில்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

கொம்பின் அப்பா

⁂

அக்டோபர் 20

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அங்கிள் என்று எழுதி அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம்பரைத் திறந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை போனை எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் என்ன குரலில் பேசுவது என்று தெரியவில்லை, வைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு சிரிப்பும் வரவில்லை. என் வாலை யாரோ மிதித்துக்கொண்டே நிற்கிறார்கள். "செத்தியா" என்று நான் எழுதியபோது அவள் ஏற்கெனவே இல்லை. அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வேண்டாம், வைத்திருங்கள். எனக்குத் தெரியவில்லை.

அவள் கடிதம் இதோடு இருக்கிறது. ஒரே ஒரு கடிதம்தான் பெரியப்பா. எங்களுக்கு அவ்வளவுதான் நேரம் கிடைத்தது. ஜெராக்ஸ் என்னிடம், அசல் உங்களுக்கு. திருப்பி அனுப்ப வேண்டாம். அதில் மூச்சு வாங்கியதைப் பற்றி நீங்கள் சொன்ன வரி ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்கள் கடிதத்தில் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. பேனாவால் அடித்துவிட நினைத்தேன். ஆனால் அவள் எழுத்தில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்கு மேலே ரோப்பைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதை முதலில் படியுங்கள். இரண்டு தடவை படியுங்கள்.

நாலாம் படத்தில் அழுதது நானும்தான். இதை நான் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒப்பந்தம் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது, பாருங்கள். அக்டோபர் முப்பது, மாலைக் காட்சி. இங்கே நான் போகிறேன். பக்கத்து சீட்டில் பையை வைப்பேன். அங்கே நீங்கள் போங்கள். இரண்டு டிக்கெட் எடுங்கள். உங்கள் பக்கத்தில் உங்கள் கருவிப்பையை வையுங்கள். யாராவது வந்து "இங்க யாராவது?" என்று கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள், முதல் நாள் கூட்டம் அப்படி. "ஆள் வருது" என்று சொல்லுங்கள். முதல் தடவை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அடுத்தவருக்குச் சொல்லும்போது வந்துவிடும்.

படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போவார்கள். பெயர்கள் ரொம்ப நேரம் ஓடும். பெருக்குகிறவர் வந்து, முடிஞ்சுது சார் என்பார்.

விளக்கு எரியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

வாலு