துப்பிய விதை

கோச்சுக்கு,

அப்பா என்றும் எழுதலாம். மைதானத்தில் அப்படிக் கூப்பிட நீங்கள் விட்டதில்லை, பழகிவிட்டது.

சனிக்கிழமை நான் இப்போது கோச்சாக இருக்கும் அணியிடம் தோற்ற கையோடு, கைகுலுக்க நடுமைதானத்துக்கு வந்தீர்கள். நான் இடது கையை நீட்டியதும் கூட்டம் கூச்சல் போட்டது. திமிர் என்று நினைத்திருப்பார்கள். என் வலது கை இடுப்புக்கு மேல் எழாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக ஆடிய கடைசி ஆட்டத்தின் இடைவேளையில், அடிபட்ட வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், "ஊசியப் போட்டுக்கிட்டு இறங்குடா. வலிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டல்லாஸில் வேறொரு பையன் வீட்டில் பார்பிக்யூ சாப்பிட்டபடி அவனுக்கு என் இடத்தைப் பேசி முடித்தீர்கள்.

கையைப் பிடித்தபடி கேட்டீர்களே, "நான் அடுத்து என்ன ஆட்டம் ஆடச் சொல்லப்போறேன்னு உன் பசங்களுக்கு எப்படிடா முன்னாடியே தெரிஞ்சுது?" என்று.

சொல்கிறேன். பந்தை நீளமாக வீசச் சொல்லும் முன், மென்றுகொண்டிருக்கும் சூரியகாந்தி விதையைத் துப்புவீர்கள். பந்தோடு ஓடச் சொல்வதென்றால் துப்பமாட்டீர்கள். நாலு வருஷம் உங்கள் முகத்தையே பார்த்து ஆடியவன் நான். அன்று என் பையன்கள் பந்தைப் பார்க்கவில்லை, உங்கள் வாயைத்தான் பார்த்தார்கள்.

இனி துப்பாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். உங்களால் முடியாது; அம்மா காலமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அதனால் மற்ற அணிகளின் கோச்சுகளுக்கும் எழுதிவிட்டேன்.

சீசன் இப்போதுதான் ஆரம்பம். இறங்குங்கள், கோச். வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பழைய குவார்ட்டர்பேக்