ஒலிப்பதிவில் இல்லாத பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, உலாயுக் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளியில் முதன்முதலாக நம் மொழியில் கடற்பனிப் பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு வைத்தார்களே, அந்த ஒலிப்பதிவுகள் மதிப்பெண் போட ஒட்டாவாவில் என் மேசைக்குத்தான் வந்தன. "கறுத்த பனி ஆளைத் தாங்குமா?" என்று ஆசிரியை கேட்கிறாள். பிள்ளையின் சத்தமே இல்லை. உடனே, "கெட்டிக்காரி!" என்கிறாள். பதிலே வராமல் எதற்குப் பாராட்டு? மூன்று முறை கேட்டபின்தான் எனக்கே உறைத்தது.

அதற்குள் அதிகாரி டெரன்ஸ், "எல்லாருக்கும் முட்டை. இந்தப் பாடத்தையே தூக்கிடலாம்," என்றார்.

"பதில் சொல்லியிருக்காங்க டெரன்ஸ். எங்க வடக்குப் பக்கம் ஆமான்னா புருவத்தைத் தூக்குவோம், இல்லைன்னா மூக்கைச் சுருக்குவோம்."

"அப்போ ஆறு மாசமா என்கிட்டயும் மூஞ்சியாலதான் பேசினியா? திமிர் புடிச்சவன்னுல்ல நெனச்சேன்!"

புருவத்தைத் தூக்கினேன். சிரித்துவிட்டார். இனி கேமரா வைத்து மறுதேர்வு.

உலர்ந்த மீன் கொஞ்சம் அனுப்பு, நீ காயவைத்ததாக இருக்கட்டும். தபாலுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில், "ஊருக்கு வரணும்போல இருக்கா?" என்று கேட்டாய். நான் வாயே திறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய்.

நீ வைத்த பிறகும் புருவத்தை இறக்காமல்தான் நின்றேன், அம்மா.

உலாயுக்