பன்னெண்டு லட்சமும் ஓசி டிக்கெட்டும்

பிப்ரவரி 1, சனி

பன்னெண்டு லட்சம் வரைக்கும் இன்கம் டாக்ஸே கெடையாதாம்ம்ம்!!! செல்ஃபோன் கடைல வேலைய விட்டுட்டு பட்ஜெட் லைவ் பாத்தேன், கஸ்டமருக்கு டெம்பர்ட் கிளாஸ் கோணலா ஒட்டிட்டேன். ஓனர் திட்டு. பரவால்ல. நம்ம ஃபைனான்ஸ் சேனல் அண்ணன் லைவ்லயே கண்ணு கலங்கிட்டாரு. "வரி கட்றவனுக்கு இன்னிக்குத்தான் மரியாத." எனக்கும் அழுகை.

ரீல் போடணும். இன்னிக்கே. போன வாரம் ஒண்ணாம் நம்பர் கவர்மெண்ட் பஸ்ல எடுத்த க்ளிப் இருக்கு. அடுத்த தெரு மல்லிகாக்கா, கண்டக்டர்கிட்ட: "லேடீஸுக்கு ஃப்ரீதான், அதுக்காக டிக்கெட் கிழிக்காம போவியா? ஆளு கணக்கு காமிச்சாதாம்ப்பா இந்த ரூட் வண்டிய ரத்து பண்ணாம விடுவாங்க." செம காமெடி. மூஞ்சிக்கு ஸ்மைலி வச்சு மறைச்சாச்சு. மேல, "நாம வரி கட்டுவோம், இவங்க ஓசில போவாங்க." பின்னாடி சிரிப்பு சத்தம். போட்டாச்சு.

பிப்ரவரி 2, ஞாயிறு

பனி. காவேரிப் பாலமே தெரியல. சேனல் அண்ணன் ரீல டவுன்லோட் பண்ணி அவர் பேஜ்லயே போட்டுட்டாரு!!!! என் பேரோட!!! "தங்கச்சி எடிட்டிங் வேற லெவல்." யாரும் சொல்லித் தரல, நானா கத்துக்கிட்டது. ஃபோன் சூடு. சோறு எறங்கல.

அம்மாகிட்ட காமிச்சேன். தையல் மெஷின நிறுத்திட்டுப் பாத்துச்சு.

"இது மல்லிகா குரல்ல?"

"மூஞ்சி தெரியலல்லம்மா."

"சரி, நீ எப்படி வரி கட்டுன? நீ வாங்குற சம்பளத்துக்கு?"

டார்ச்சர்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தலைவலி. மல்லிகாக்கா துவாக்குடில ஸ்டூடண்ட்ஸ் மெஸ்ல சமைக்கிறாங்க, அவங்களே பரிமாறுறாங்க. அந்தப் பசங்க எல்லாரும் ரீல் பாத்துட்டானுங்களாம். மூஞ்சிய மறைச்சேன், குரல மறைக்கல. "சாம்பாரா ரசமா தம்பி"ன்னு தெனம் கேக்குற குரல், தெரியாமலா போகும். இப்ப கரண்டியோட வந்தாலே, "ஓசி அக்கா, அப்பளமும் ஓசியா?" அம்மாகிட்ட சொல்லி அழுதிருக்காங்க.

ரீல டெலீட் பண்ணேன்.

சாயங்காலம் கடைல ஆட்டோக்காரர் ஒருத்தரு ஃபோன் கவர் வாங்குனாரு. அடுத்தது கே.கே. நகர் பேங்க் சாரு, அதே கவர். ரெண்டு பில்லும் நாந்தான் அடிச்சேன். ரெண்டுலயும் அதே பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. தெனமும் அடிக்கிறேன், இன்னிக்குத்தான் உறைக்குது. இந்தப் பன்னெண்டு லட்சத்துல பேங்க் சாருக்கு மிச்சம். ஆட்டோக்காரருக்கு? ஆனா வரி கட்றவருன்னா சாரு மட்டும். மல்லிகாக்கா சோப்பு வாங்கிக் கட்ற வரி கணக்குலயே இல்ல. "நாம"ன்னு எழுதுனேனே. யாரு அந்த நாம.

பிப்ரவரி 5, புதன்

ஸ்டாப்ல மல்லிகாக்கா. ஒண்ணாம் நம்பர் வந்துச்சு, சீட்டெல்லாம் காலி. ஏறல. பின்னாடி ப்ரைவேட் பஸ். சில்லறைய கைல புடிச்சுக்கிட்டு ஏறிட்டாங்க. நானும் ஓடி ஏறினேன்.

"அக்கா ஸாரிக்கா. கால்ல வேணா விழறேன்."

"ஓடுற பஸ்ல விழுந்து வைக்காத. தள்ளி நில்லு, ஆளுங்க எறங்கணும்."

பாலம் தாண்டுச்சு. அப்புறம் மெதுவா, "அன்னிக்கு நீயும் அதே டிக்கெட்டுதான வாங்குன தீபா?"

ஆமா. வீடியோல என் கை தெரிஞ்சுச்சு. கட் பண்ணி எடுத்துட்டேன்.

"ஸாரியெல்லாம் வேணாம். அந்தப் பசங்க ஃபோன்லேருந்து அத எடுத்துடு. முடியுமா?"

முடியும்னுட்டேன். லூசு. எப்படி முடியும்.

பிப்ரவரி 6, வியாழன்

லீவு. போட்டாச்சு. மியூசிக் இல்ல, எடிட் இல்ல, என் மூஞ்சி. "அந்த பஸ் வீடியோ எடுத்தது நான். ஒரு ரூபா இன்கம் டாக்ஸ் கட்டுனதில்ல. என் கைலயும் ஓசி டிக்கெட்டுதான். யார் ஃபோன்ல இருந்தாலும் அழிச்சிடுங்க. காலேஜ் க்ரூப்ல இருந்தா அங்கயும் சொல்லுங்க. இத ஷேர் பண்ணுங்க."

அண்ணனுக்கும் மெசேஜ். பாத்துட்டாரு. அவர் பேஜ்ல இன்னும் ஓடுது.

கமெண்ட் வந்துட்டே இருக்கு. "எந்த வீடியோ?" "லிங்க் இருக்கா தோழி?" "எனக்கும் அனுப்புங்க ப்ரோ." ஒருத்தன் கீழயே லிங்க போட்டுட்டான்.

நானும் அதுக்குக் கீழ டைப் பண்ணேன்: அய்யோ அனுப்பாதீங்க. கேக்குறவங்களுக்கும் குடுக்காதீங்க, ப்ளீஸ்.